ஜெர்மன் கத்தி, ஜப்பான் கத்தி, ஓர் அரக்குப் பட்டு

எங்கள் வீட்டில் நான்கு ஆண்கள் கத்தியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நான்கு பேரில் ஒருவருக்கும் வெங்காயம் நறுக்கத் தெரியாது. நறுக்கத் தெரிந்த நானும் என் மாமியாரும் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். பேசுகிறவர்களுக்கு வேலை கிடையாது, வேலை செய்கிறவர்களுக்குப் பேச நேரம் கிடையாது என்பதால் இந்த ஏற்பாடு பல வருடங்கள் சுமுகமாகவே நடந்தது.

நான் களம்பூரில் அரிசி மில்காரர் வீட்டில் பிறந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரி வீட்டுக்கு மருமகளாக வந்தேன். பிறந்த வீட்டில் நல்ல அரிசியெல்லாம் மூட்டை மூட்டையாக லாரி ஏறும். நாங்கள் நொய்க் கஞ்சி குடிப்போம். பட்டுக்காரர் வீட்டிலாவது நிலைமை வேறாக இருக்கும் என்று நம்பித்தான் கழுத்தை நீட்டினேன். வந்த சில நாளிலேயே அந்த நம்பிக்கை போயிற்று.

மாமனார் நெசவாளர்களுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கி, சென்னைக் கடைகளுக்கு அனுப்பி வந்தார். நல்ல புடவைகள் கூடத்து இரும்பு பீரோவில் இருக்கும். பீரோ சாவி மாமனாரின் அரைஞாண் கயிற்றில் இருக்கும். குளிக்கும்போதும் அது அங்கேயேதான். இழை விட்டுப்போனது, சாயம் ஒட்டியது, எண்ணெய்க் கறை பட்டது, பார்டர் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியவை மட்டும் பீரோவுக்குப் போகாது. அவை என் மாமியாருக்கு. நான் வந்த பிறகு அதில் பாதி எனக்கு. அந்த வகையில் என் வரவு அவருடைய பாரத்தைக் கொஞ்சம் குறைத்தது என்று சொல்லலாம்.

மாமா அந்தப் புடவைகளை வீசி எறிந்துவிட மாட்டார். முறையாக விரித்து, பழுது எங்கே என்று கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்து, "கொசுவத்துல மறஞ்சிடும்" என்பார். பழுது முந்தானையில் இருந்தாலும் கொசுவத்தில் மறையும். தோள்பட்டையில் இருந்தாலும் கொசுவத்தில் மறையும். அவர் சொன்னபடி பார்த்தால் அத்தை புடவை முழுவதையும் கொசுவமாகவே வைத்துக் கட்டியிருக்க வேண்டும்.

ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எல்லோர் கண்ணும் அத்தை மேல்தான் இருக்கும். பட்டுக்காரர் வீட்டு அம்மாள் இன்றைக்கு என்ன கட்டி வந்திருக்கிறார் என்று பார்ப்பார்கள். வந்தவாசியில் ஒரு கல்யாணம். அத்தை முகூர்த்தத்திலிருந்து பந்திவரை இடது கையை இடுப்பில் ஊன்றியபடியே இருந்தார். இலை முன்னால் உட்கார்ந்தபோதும் கை இறங்கவில்லை. "இன்னா ஒரு கெத்து பாரு" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். கெத்து ஒன்றுமில்லை. கைக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது அத்தை என்னிடம் சொன்னார். "ஒண்ணே ஒண்ணும்மா. பழுதில்லாத பட்டு. அதக் கட்டிகினு ரெண்டு கையயும் வீசி நடக்கணும். அவ்ளோதான் எனக்கு." மாமாவிடம் இதை அவர் கேட்காமல் இல்லை. அறுபதாம் கல்யாணத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா தன் நாற்பது வயதிலிருந்து சொல்லிவந்தார். வியாபாரி அல்லவா, தவணை வாங்கத் தெரியும்.

இப்போது கத்திக்கு வருகிறேன்.

பெரிய நாத்தனாரின் கணவர் சென்னையில் இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். நான் வந்து நாலைந்து வருடத்தில் கம்பெனி அவரைப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பியது. வெளிநாடு போகிறவர்கள் சாக்லேட் வாங்கி வருவார்கள், சென்ட் வாங்கி வருவார்கள். பெரிய மாப்பிள்ளை மாமியாருக்குக் கத்தி வாங்கி வந்தார். அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கோயிலில் மாலை கொடுப்பதுபோல் அத்தையிடம் நீட்டினார். அத்தை இரண்டடி பின்னால் போய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கீழ வச்சிடுங்க மாப்ள."

மாப்பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. சென்னையில் வளர்ந்த மனிதர், பாவம். எங்கள் வீட்டில் கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கையில் வாங்கமாட்டோம். வாங்கினால் இருவருக்கும் சண்டை வரும். கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். இதை நாத்தனார் காதோடு சொன்ன பிறகு அவர் கத்தியைத் தரையில் வைத்தார். அத்தை குனிந்து எடுத்தார். எடுத்த வேகத்தில் கை கொஞ்சம் இறங்கியது.

"இன்னாங்க இது, இந்தக் கனம் கனக்குது? இதால கத்திரிக்காய அரியறதா, அடிச்சிக் கொல்றதா?"

கனத்தில்தான் அதன் பெருமையே இருப்பதாக மாப்பிள்ளை விளக்கினார். அழுத்த வேண்டாம், தன் எடையிலேயே இறங்கும். அலகு வயிறு மாதிரி வளைந்திருப்பதால் நுனியைத் தூக்காமல் முன்னும் பின்னும் ஆட்டியே நறுக்கலாம். நாங்கள் எவர்சில்வர் தட்டில் வைத்துக் காய் வெட்டுவதைப் பார்த்துப் பதறிப்போய், அடுத்த தடவை வரும்போது ஒரு மரப்பலகையும் வாங்கிவந்தார். பலகை நன்றாக இருந்தது. சோற்றுப் பானையை அதால்தான் மூடினோம்.

கத்தி சில மாதங்கள் டிவி பக்கத்து ஷோகேஸில் செட்டியார் பொம்மைக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் நடுவில் இருந்தது. பிறகு நான்தான் அதை எடுத்துப் புழங்க ஆரம்பித்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அது நல்ல கத்தி. சேனைக்கிழங்கு, பரங்கிக்காய், ஆட்டெலும்பு எதற்கும் பயப்படாது. புளிச்சட்டியில் கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது. கூர் மழுங்கினால் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து அதன் அடி விளிம்பில் நாலு இழுப்பு இழுத்தால் போதும், மறுபடி எழுந்துவிடும். தக்காளிதான் அதற்கு ஆகாது. முதலில் நசுக்கிவிட்டு அப்புறம்தான் வெட்டும்.

இப்படி ஜெர்மனி எங்கள் அடுப்படியில் நிம்மதியாக ஆண்டுகொண்டிருந்தபோது சின்ன நாத்தனாருக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை கம்ப்யூட்டர். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில் கம்பெனி அவரை ஜப்பானுக்கு அனுப்பியது. அவருக்கு மாமியார் மேல் எவ்வளவு அன்பு என்று எனக்குத் தெரியாது. சகலை ஜெர்மன் கத்தி வாங்கித் தந்தார் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஜப்பானிலிருந்தும் கத்தி வந்தது.

இவர் சட்டம் தெரிந்தவர். மரப்பெட்டியைத் தரையில் வைத்து, அங்கே கற்றுவந்தபடி இடுப்பை வளைத்து வணங்கிவிட்டு விலகி நின்றார். பெட்டிக்குள் காகிதம், காகிதத்துக்குள் கத்தி. மெல்லியது, நேரானது, வெறும் மரப்பிடி. கனமே இல்லை. கையில் எடுத்தால் எடுத்த மாதிரி தெரியாது. விரலில் பட்டாலும் பட்ட மாதிரி தெரியாது. ரத்தம் வந்த பிறகுதான் தெரியும்.

கூடவே சட்டதிட்டங்களும் வந்தன. இதைப் புளியில் போடக்கூடாது. எலுமிச்சை வெட்டினால் உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். தேங்காய் கூடாது, எலும்பு கூடாது, பூசணிக்காய்க் காம்பு கூடாது. எவர்சில்வர் தட்டு கூடவே கூடாது. தெருவில் வருகிற சாணைக்காரரிடம் காட்டவே கூடாது. அதற்கென்று ஒரு கல் இருக்கிறது, அதைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தீட்ட வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குக்கூட இத்தனை சட்டம் போடவில்லை. புளியும் தேங்காயும் இல்லாமல் எங்கள் அடுப்படியில் என்ன மிச்சமிருக்கும் என்று நான் கேட்டேன். "பீன்ஸ்" என்றார் சின்ன மாப்பிள்ளை.

பீன்ஸுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெங்காயம் நறுக்கினால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. நான் ஆசைக்கு அழுவதற்கு இருந்த ஒரே வசதியும் அதோடு போயிற்று. தக்காளியைத் தோலோடு காகிதம்போல் சீவும். ஆனால் அதோடு வேலை செய்வதென்பது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்வதுபோல. கண் அதன்மேலேயே இருக்க வேண்டும்.

அதன்பிறகு எங்கள் வீட்டுப் பண்டிகைகளில் சாமி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. தீபாவளியானாலும் பொங்கலானாலும் சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் பாயைப் போட்டால் கத்திதான்.

"அது கத்தியே இல்ல சகல. கண்ணாடி. கீழ உட்டா ஒடஞ்சிடும்" என்பார் பெரியவர்.

"கத்தியக் கீழ உடறது ஏண்ணா? உங்களுது கத்தியில்ல, கடப்பார. அதக் கீழ உட்டா தரைதான் ஒடையும்" என்பார் சின்னவர்.

ஜெர்மன் அலகுக்கு ஒரு பக்கம் இருபது டிகிரி சாய்வு, ஜப்பான் அலகுக்குப் பதினைந்துதான் என்று சின்னவர் சொல்வார். பதினைந்து டிகிரியில் சவரம் செய்துகொள்ளலாம், சமையல் செய்ய முடியாது என்று பெரியவர் சொல்வார். எஃகு கடினமாக இருந்தால் கூர் நிற்குமா, மிருதுவாக இருந்தால் நிற்குமா என்று அடுத்த சுற்று தொடங்கும். மாமா நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு நீதி வழங்குவார். என் கணவரும் அங்கேதான் இருப்பார். அவர் நடுநிலையாளர். யார் பேசிக்கொண்டிருக்கிறாரோ அவர் பக்கம்.

அத்தைக்கு இது பெரிய பேஜாராகப் போயிற்று. பெரிய மாப்பிள்ளை வரும்போது ஜப்பான் பெட்டி பரணுக்கு ஏறும். சின்ன மாப்பிள்ளை வரும்போது ஜெர்மன் கத்தி அரிசிப் பானைக்குள் போகும். இருவரும் சேர்ந்து வந்துவிட்டால், சாம்பார்க் காயை ஜெர்மனியும் பொரியலை ஜப்பானும் நறுக்க வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை. ஒரு பொங்கலுக்கு எனக்கு எரிச்சல் தாங்காமல் இரண்டு காயையும் அரிவாள்மனையில் அரிந்து போட்டுவிட்டேன். "பாத்தீங்களா, காய் ஒடம்பு ஒடையாம எப்பிடி நிக்குது" என்றார் பெரியவர் சாம்பாரைக் காட்டி. "பீன்ஸ் எல்லாம் ஒரே சைஸ்" என்றார் சின்னவர். நான் இரண்டு பேருக்கும் மறுபடி பரிமாறினேன்.

ஒருநாள் என் கணவர் தன் நடுநிலையை மறந்து, என்னதான் ஆகிறது பார்க்கலாம் என்று ஜப்பான் கத்தியால் தேங்காய் மூடியை நெம்பிவிட்டார். கூரில் எள்ளளவு உடைந்து ஒரு பள்ளம் விழுந்தது. சின்ன மாப்பிள்ளை துக்க வீட்டில் உட்காருவதுபோல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு கல்லை ஊறவைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முற்றத்தில் குத்துக்காலிட்டுத் தேய்தேயென்று தேய்த்தார். மற்ற மூன்று பேரும் நாற்காலி போட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் அந்தப் பள்ளமும் இல்லை, கத்தி முன்னைவிட இரண்டு மடங்கு கூராகியிருந்தது. அப்போது அது நல்ல சேதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது மாமாவுக்கு அறுபது நெருங்கியது. அவர் மறந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். மறக்கவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் பாராட்டுகிறேன். கைத்தறியில் பேர்போன ஒரு நெசவாளரிடம் நூல் கொடுத்தார். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் பார்டர், உடம்பு முழுக்கப் பொடி ஜரிகைப் புட்டா. நிறத்தை அத்தையே சொன்னார். முதல்முறையாக, பழுதுக்குப் பதிலாக நிறத்தைப் பற்றி அந்த வீட்டில் அவர் வாய் திறந்தார்.

தறியில் புடவை ஏறிய பிறகு அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி நெசவாளர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். வியாபாரி சம்சாரம் தறிக்கு வந்து நிற்பது அந்த வீட்டாருக்குப் புதுசு. ஏதோ குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நெசவாளர் கலங்கிப்போனார். அத்தை தறியில் இருந்த அரை முழத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "நல்லா வந்துகினு இருக்குது" என்றார்.

புடவை வீட்டுக்கு வந்த அன்று ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அவர் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைத்து, சாண் சாணாக நகர்த்திப் பழுது தேடினார். இத்தனை வருடப் பழக்கம், கண் தானாகத் தேடும். முந்திவரை வந்தார். மறுபடி முந்தியிலிருந்து தொடங்கினார். "இல்லம்மா" என்றார். "ஒண்ணுமே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் பங்குப் பழுதுப் புடவைகள் அத்தனையும் அந்த நிமிஷத்தில் மன்னிக்கப்பட்டன.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு நிறைய ஆட்கள். விருந்துச் சமையல் மண்டபத்தில்தான் என்றாலும் வந்தவர்களுக்கு அன்றைக்குப் பசிக்கும் அல்லவா. கூடத்து ஓரத்தில் பூசணிக்காய்கள் குவிந்து கிடந்தன. நடுக்கூடத்தில் பாய் விரித்து, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அரக்குப் பட்டை மடித்து வைத்திருந்தோம். பக்கத்தில் மாமாவின் பட்டு வேட்டி. வருகிற பெண்கள் எல்லோரும் குனிந்து பார்த்துவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை அடுப்படிக்கும் கூடத்துக்கும் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தார். இரண்டு கையையும் வீசி.

மாப்பிள்ளைகள் இருவரும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பூசணிக்காயைப் பார்த்ததும் பேச்சு எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருட வழக்கை இன்றைக்குத் தீர்த்துவிடலாம் என்று மாமாவே சொன்னார். வேறு ஊராக இருந்திருந்தால் காயை வெட்டிப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் எதற்கும் பட்டுதான் அளவுகோல். "பட்டுநூல எது சுத்தமா அறுக்குதோ அதுதான் கத்தி. ஜல்தி எடுத்தாங்க ரெண்டையும்" என்றார் மாமா. கழிவு நூலில் ஒரு கற்றை எடுத்து இரண்டு கையிலும் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் ஜெர்மன் கத்தியை வைத்து இழுத்தார். நூல் கொஞ்சம் வளைந்து, யோசித்து, அறுந்தது. சின்னவர் ஜப்பான் கத்தியை வைத்தார். இழுக்கவே இல்லை, நூல் இரண்டாகிவிட்டது. "பாத்தீங்களா!" என்று துள்ளினார். மாமா நூலைத் தளர்த்திப் பிடித்ததால்தான் தன்னுடையது வளைந்தது என்று பெரியவர் ஆட்சேபித்தார். ஜப்பான் கத்தியையும் தன் கையாலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"இப்பிடிக் குடு சகல."

சின்னவர் கத்தியைப் பெரியவர் கையில் நீட்டினார். அடுப்படி வாசலில் நின்ற அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

"கையில குடுக்காதீங்க மாப்ள! நல்ல நாளும் அதுவுமா! கீழ வைங்க, கீழ வைங்க!"

இருவரும் பதறிப்போய் மாமியார் சொன்னபடியே செய்தார்கள். சின்னவருக்குத் தன் கத்தியைச் சிமெண்டுத் தரையில் வைக்க எந்த நாளும் மனசு வராது, கூர் போய்விடும். எதிரில் மெத்தென்று சுத்தமாக இருந்தது ஓர் இடம்தான். அதில் வைத்தார். பெரியவரும் அதன்மேலேயே தன் கத்தியைப் போட்டார். போட்ட கையோடு அடியில் இருந்த ஜப்பான் கத்தியின் பிடியைப் பற்றி உருவினார். மேலே ஜெர்மன் கத்தியின் கனம். அடியில் இருந்தது புரண்டு கூர்ப்பக்கம் கீழாகத் திரும்பி வந்தது.

சத்தமே வரவில்லை. நல்ல கத்திக்கு அதுதான் அடையாளம் என்று சின்ன மாப்பிள்ளை பலமுறை சொல்லியிருக்கிறார்.

என் கணவர்தான் முதலில் பார்த்தார். நடுநிலையை விட்டு "ஐயோ" என்றார். மாமா புடவையை எடுத்து உதறினார். மடித்திருந்த புடவை அல்லவா, மடிப்புக்கு ஒரு வெட்டு. விரல் நீளம், ஒரே அளவு, சரியான இடைவெளியில் உடம்பு நெடுகப் போய்க்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் காகிதத்தை மடித்துக் கத்தரித்துப் பிரிப்பார்களே, அதுபோல. எந்தத் தறிக்காரரும் அத்தனை ஒழுங்காகப் புட்டா போட்டிருக்க முடியாது.

அந்த நேரத்திலும் மாப்பிள்ளைகளுக்குள் வழக்கு ஓயவில்லை. "வெட்டுனது உங்க கத்திதான்" என்றார் பெரியவர் தாழ்ந்த குரலில். "அமுக்குனது உங்க வெயிட்டுண்ணா" என்றார் சின்னவர். என் கருத்தைக் கேட்டால், இருவருக்கும் சம பங்கு உண்டு. அந்த இரண்டு நாடுகளும் முன்பு ஒரு தடவை கூட்டுச் சேர்ந்து உலகத்தையே வெட்டப் பார்த்தன என்று படித்திருக்கிறேன். அப்போது முடியாதது எங்கள் கூடத்தில் முடிந்தது.

மாமா புடவையைக் கையில் வைத்தபடி நின்றார். அவருக்கு எண்ணம் ஒன்றும் ஓடியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். வாய் மட்டும் பழக்கத்தில் தானாக அசைந்தது.

"கொசுவத்துல மறஞ்சிடும்."

என் கணவர்கூடத் தலையாட்டவில்லை.

அத்தை வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். மாமாவின் கையிலிருந்து புடவையை வாங்கி மடியில் போட்டு, ஒரு வெட்டில் விரலை நுழைத்துப் பார்த்தார். பிறகு அடுத்த வெட்டு. பிறகு அதற்கடுத்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அந்த இரண்டு கத்தியையும் எடுத்துக் கிணற்றில் வீசலாமா, நான்கு ஆண்களையும் வீசலாமா என்று இருந்தது. அத்தை அழவில்லை. கத்தியைக் கீழே வைக்கச் சொன்னது தான்தான் என்பது அவருக்கு உறைத்திருக்கும்.

"மாப்ள, ஆளுக்கொரு கத்தி எடுத்துக்குங்க" என்றார். "பூசணிக்கா அப்படியே கெடக்குது. சாப்பாட்டுக்கு நேரமாவுது."

அந்த வீட்டில் எந்த மாப்பிள்ளையிடமும் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சின்னவருக்கு ஒரு நிமிஷம் நிலைமை மறந்துவிட்டது.

"அத்த, இந்தக் கத்தியால பூசணிக்கா வெட்டக்கூடாது..."

"எத வெட்டலாம்?" என்று கேட்டார் அத்தை. மடியில் இருந்த புடவையைப் பார்த்தபடி கேட்டார்.

சின்னவர் கத்தியோடு பூசணிக்காய் முன்னால் உட்கார்ந்தார். பெரியவர் அவருக்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். ஒருவர் வளைந்த அலகை ஆட்டத் தெரியாமல் கோடரிபோல் போட்டார். இன்னொருவர் கூர் போகுமே என்ற கவலையில் பூசணிக்காயைச் சவரம் செய்துகொண்டிருந்தார். வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் அடுப்படி வாசலில் கூடி நின்று பார்த்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். நான் ஓடவில்லை, நின்று நிதானமாகப் பார்த்தேன்.

மாமா மூச்சு விட்டார். புயல் கரையைக் கடந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். என்னிடம் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். ரஃபு போடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், இழை இழையாகக் கோர்த்துவிடுவார், நாளைக்குள் முடியாது என்றாலும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு அந்தப் பச்சைப் புடவையைக் கட்டலாம், அதில் ஒரு இழைதானே விட்டிருக்கிறது என்று காற்றிடம் பேசுவதுபோல் பேசினார். அத்தை எழுந்து அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினார்.

"பீரோ சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

அத்தை நீட்டிய கையை மடக்கவில்லை.

"உள்ள இருக்கறது ஆர்டர் பொடவ" என்றார் மாமா. "மெட்ராசு கடையிலேந்து ஆள் வருது. கல்யாணப் பொண்ணுக்குப் போறது."

"நாளைக்கு நானும் கல்யாணப் பொண்ணுதான்."

பூசணிக்காய் வெட்டும் சத்தம் நின்றது. மாமா மெதுவாக அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். அதை அத்தையின் கையில் வைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கத்தியை வைப்பதுபோலப் பாயில் கீழே வைத்தார். அத்தை குனிந்து எடுத்துக்கொண்டார்.

பீரோவைத் திறந்து, அட்டைப்பெட்டியில் இருந்த கல்யாணப் பட்டை எடுத்தார். சிவப்பு, கை அகலத்துக்கு ஜரிகை. வெளிச்சத்தில் பிடித்துப் பழுது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கடைக்குப் போகிற புடவையில் அது இருக்காது என்று அவருக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அரக்குப் பட்டை வெட்டெல்லாம் உள்ளே போகும்படி அழகாக மடித்து, காலியான பெட்டியில் வைத்து மூடி, மாமாவின் மடியில் வைத்தார்.

"இத அனுப்பி வைங்க" என்றார். "கொசுவத்துல மறஞ்சிடும்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."